கேட்காமல் கையை விடாதவர்

என் வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று யாராவது கேட்டால் நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன். ஆங்கிலப் பத்திரிகை படிக்கத் தெரியாது. ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. மகளின் பள்ளிக்கூடத்துக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாம் புரிந்தவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வருவார். ஆனால் ஒரு பெரிய பீரோவை நாலு பேர் சேர்ந்து குறுகலான மாடிப்படியில் இறக்கும்போது, சுவரில் ஒரு கீறல் விழாமல் இறக்க வைக்கிற பேச்சு முழுக்க அவருடையது, அது முழுக்க ஆங்கிலம். அந்த ஆங்கிலத்துக்கு நான் ஒரு பெரிய கும்பிடு போட வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

அவருக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. மீசை சரியாக முளைக்காத வயசில் சேர்ந்து, மேஸ்திரியாகி, தலை நரைக்கும் வரை அதே கம்பெனி. சேர்ந்த புதிதில் லாரியில் நாலு பேர் இருந்தால் நாலு பாஷை இருந்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. பியானோவை முதுகில் வைத்துக்கொண்டு சைகை காட்டவும் முடியாது. அதனால் அந்த லாரிக்கென்று ஒரு பேச்சு தானாக உருவாகியிருந்தது. புட், டேக், பிக், டர்ன், டில்ட், ஹோல்ட், லெட் என்று சில சொற்கள். அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற வால்கள் சில: அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், பேக், அவே, ஓவர், ரவுண்ட். அவ்வளவுதான் மொத்த மொழியும். சாமான்களின் பெயர்கூட அதில் கிடையாது. கையில் இருக்கிற நாற்காலியை நாற்காலி என்று ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியம் என்ன?

கல்யாணமான புதிதில் இதையெல்லாம் எனக்குப் பாடமே நடத்தினார்.

"புட்டுன்னு மட்டும் சொன்னா ஒண்ணுமே சொல்லல. அது கூலியாளு மாதிரி, சும்மா நிக்கும். அப்புறம் வருது பாரு குட்டிச் சொல்லு, அதுதான் மேஸ்திரி. புட் டவுன்னா கீழ வை. புட் பேக்குன்னா எடுத்த எடத்துலயே வை. புட் அவேன்னா கண்ணுல படாம எடுத்து வை. ஆளு ஒருத்தன்தான், மேஸ்திரிக்குத் தக்கபடி வேலை மாறுது."

"நீங்களும் மேஸ்திரிதானே, அதான் மேஸ்திரிக்கு இவ்வளவு பெருமை பேசறீங்க" என்றேன்.

மற்றவர்கள் திணறிய இடத்தில் அவர் சட்டென்று பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு என்பது என் எண்ணம். தமிழில் கடைசிச் சொல் வரும் வரை நமக்கு விஷயம் தெரியாது. 'அந்த மேசையை அந்த மூலையில்' என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், வைப்பதா எடுப்பதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்போம். கடைசிச் சொல்லுக்குக் காது கொடுத்து வளர்ந்தவர் இவர். அந்த ஆங்கிலத்திலும் காரியம் கடைசியில்தான் இருந்தது. அவருக்குப் பழகிய இடத்திலேயே வழி கிடைத்துவிட்டது.

அந்த லாரியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. ஒரு சாமானை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும்போது "காட் இட்?", அதாவது பிடித்தாயிற்றா, என்று கேட்க வேண்டும். வாங்குபவர் "காட் இட்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கொடுத்தவர் கையை எடுக்கலாம். தலையாட்டினால் செல்லாது, கண்ணைக் காட்டினாலும் செல்லாது. நடுவில் ஒரு பீரோ நிற்கும்போது எதிரில் இருப்பவரின் முகம் யாருக்குத் தெரியும்? குரல் ஒன்றுதான் தெரியும்.

நல்ல சட்டம்தான். ஆனால் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தால் பெண்டாட்டிக்குக் கோபம் வருமா வராதா? டீ டம்ளரை நீட்டி "இந்தாம்மா, காட் இட்?" என்பார். எனக்குப் பெயர் ஒன்று இருப்பதாகவே அவர் காட்டிக்கொண்டதில்லை, எப்போதும் 'இந்தாம்மா'தான். டம்ளரை நான் பிடித்திருப்பது அவருக்கே தெரியும். ஆனாலும் பதில் வரும் வரை விட மாட்டார். மகள் பிறந்தபோதும் அப்படித்தான். நர்ஸ் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து கட்டிலில் இருந்த என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் விடவில்லை.

"காட் இட்?"

"பிடிச்சுட்டேன், விடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'காட் இட்'டுக்குப் பதில் அதுதான் என்று ஆகிவிட்டது. மகளும் மழலையில் 'பிச்சுத்தேன், விதுங்க' என்று சொல்லித்தான் பேசப் பழகினாள்.

நான் பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்ப்பவள். எந்த பஸ் எப்போது வரும், ஏன் வரவில்லை, யாரைத் திட்டுவது என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தும் பேசுவேன். "உன் வாய்க்குப் பூட்டுச் செய்ய இன்னும் ஆள் பொறக்கல" என்பார். அவர் பேசுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் ஒரு நாள் காலையில் நின்றுபோயிற்று.

நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கைப்பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே டீக்காகக் கையை நீட்டினேன். டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. புடவை முழுக்க டீ. "என்னங்க, கவனம் எங்க இருக்கு?" என்று எரிந்து விழுந்துகொண்டே நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அவர் கேட்கவில்லை. ஒரு குண்டூசியைக்கூடக் கேட்காமல் என் கையில் விட்டவர் இல்லை. பார்த்தால் அவர் வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. வலது கை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "பக்கவாதம். நல்லவேளை, உடனே கவனிச்சுக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார். எனக்கு அதில் என்ன பெருமை? அவருடைய அந்தப் பழக்கம்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. வருஷக்கணக்காக எனக்கு எரிச்சல் மூட்டிய அந்தக் கேள்வியை நினைத்து ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அழுதேன்.

உயிருக்கு ஆபத்தில்லை. கால் மெல்ல மெல்லத் தேறியது. வலது கை முழுசாகத் திரும்பவில்லை. பேச்சு மட்டும் வரவே இல்லை. நாம் சொல்வது எல்லாம் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அது... அது..." என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருந்தாள். எங்கள் மகள் வயசுதான் இருக்கும், எல்லாரும் டீச்சர் என்றார்கள். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. மேசையில் படங்களை ஒவ்வொன்றாக வைப்பாள். நாற்காலி, சாவி, மின்விசிறி, கட்டில். ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி, தமிழில் சொன்னாலும் சரி. ஆயுசு முழுக்க நாற்காலி சுமந்த மனுஷனுக்கு நாற்காலியின் பெயர் வரவில்லை. படத்தைப் பார்ப்பார், கையால் அதைத் தூக்குவது போலக் காட்டுவார், "அது" என்பார். பிறகு தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு நாள் படங்களை எல்லாம் இடது கையால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அதற்கப்புறம் வகுப்புக்கு வர மறுத்தார். வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால், காதில் வைத்துச் சிறிது கேட்டுவிட்டு என்னிடம் தந்துவிடுவார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நான் டீச்சரிடம் போய் நின்றேன்.

"அவரே பேசணும்னு நெனைக்கணும்மா" என்றாள். "இப்ப விட்டுட்டார்னா அப்புறம் நாம எவ்வளவு இழுத்தாலும் வராமலே போயிடலாம். ஏதாவது ஒண்ணு வரணும். ஒரே ஒரு சொல்லு போதும், அதப் பிடிச்சுக்கிட்டு மேல போயிடலாம்."

அந்த ஒரு சொல்லுக்கு எங்கே போவது? வீட்டில் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். கேள்வியும் நானே, பதிலும் நானே. பேச்சு இவ்வளவு கசக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் படுக்கையறை மாடியில் இருந்தது. படியேற முடியாததால் அவர் கூடத்தில் ஒரு மடக்குக் கட்டிலில் படுத்தார். அது நடுவில் தொய்ந்து, முதுகுவலி வேறு சேர்ந்துகொண்டது. அவரோடு வேலை பார்ப்பவர்களில் தூண் என்று ஒருவர் உண்டு. உயரமும் அகலமும் அப்படி, அதனால் அந்தப் பெயர். வாரம் தவறாமல் வந்து பார்ப்பார். அவர்தான், "அண்ணி, மாடிக் கட்டில கழட்டிக் கீழ கொண்டாந்துடலாம், நான் பசங்களக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பழைய மரக்கட்டில் அது. சட்டங்களும் பலகைகளும் சுலபமாக வந்துவிட்டன. தலைமாட்டுப் பலகை மட்டும் ஒரே துண்டு, ஒரு கதவளவு இருக்கும். எங்கள் மாடிப்படி பாதியில் முழங்கை மாதிரி மடங்கும். தூண் மேலே, புதிதாகச் சேர்ந்த ஒருவர் கீழே, நடுவில் பலகை. வளைவில் வந்து மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கீழே இருப்பவர் தூணுக்குத் தெரியவில்லை. பலமாக ஓர் அழுத்து அழுத்தினார். கீழே இருந்தவரின் விரல்கள் பலகைக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் இருந்தன.

"ஹோல்ட் ஆன்!"

எல்லாரும் அப்படியே நின்றார்கள். யார் சொன்னது என்று யாரும் யோசிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் நிற்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

"பேக்... பேக் அப்... டில்ட்... அப், அப், அப்... டர்ன் ரவுண்ட்... ஈஸி... டவுன்..."

பலகை பின்னால் நகர்ந்து, சாய்ந்து, நிமிர்ந்து, திரும்பி, வழுக்கிக்கொண்டு வளைவைத் தாண்டியது. அப்புறம்தான் வீட்டில் எல்லாருக்கும் உயிர் வந்தது. படிக்குக் கீழே நாற்காலியில் இருந்தவர் பாதி எழுந்து, இடது கையை நீட்டியபடி நின்றிருந்தார். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே மிரண்டுபோயிருந்தார். தூணின் கண்ணிலிருந்து கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. இரண்டு கையிலும் பலகை, துடைக்கவும் வழியில்லை. "அண்ணே... அண்ணே..." என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே மெல்லப் படியிறங்கினார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கூடவே சின்னதாக ஒரு பொறாமையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை மாசமாகக் கூடவே கிடந்து தவிக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஒரு பலகையைப் பார்த்ததும் மனுஷனுக்குப் பேச்சு வருகிறது! அவரிடமே கேட்டும் விட்டேன். நோய் வந்த பிறகு அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு டீச்சரிடம் ஓடினேன். நடந்ததை நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் அவள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "எல்லாருக்கும் ஒரே மாதிரி தொலையாதும்மா. இவருக்குப் பேருங்க மறைஞ்சிருக்கு, கையும் காலும் செஞ்ச சொல்லுங்க தங்கியிருக்கு. இது போதும் எனக்கு" என்றாள். படங்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு காலிப் பெட்டியையும் ஒரு கோப்பையையும் நாலைந்து சில்லறைச் சாமான்களையும் மேசையில் பரப்பினாள். அவர் இடது கையால் எடுத்து வைக்க வேண்டும், செய்வதைச் சொல்ல வேண்டும். புட் இன். டேக் அவுட். மூக்குக்கண்ணாடியைப் போட்டால் புட் ஆன், கழற்றினால் டேக் ஆஃப். முதலில் திக்கித் திக்கி வந்தது, பிறகு வரிசையாக வர ஆரம்பித்தது.

பெயர்கள் எப்படி வந்தன என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். அந்த ஆங்கிலத்தில் வினை முன்னால் நிற்கும், வால் பின்னால் நிற்கும். நடுவில் இடம் விட்டு, சாமானின் பெயரை அங்கே ஏற்றிக்கொள்ளலாம். டீச்சர் அந்த இடத்தைக் காலியாக விட்டு, "பிக் த..." என்று ஆரம்பித்து, கோப்பையைக் காட்டி, "...அப்" என்று முடித்தாள்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள், நடுவில் சாமான். அவருக்கு இதைவிடத் தெரிந்த காட்சி உலகத்தில் வேறு என்ன?

"பிக் த... கப் அப்" என்றார்.

டீச்சர் சின்னக் குழந்தை மாதிரி கை தட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "என்னம்மா இது" என்று கூச்சத்தோடு இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் நல்லா இருக்கணும்.

அதன்பிறகு வீட்டில் தினமும் சுமைதான். புட் த கீ டவுன், டர்ன் த ஃபேன் ஆஃப், டேக் த ஷூஸ் ஆஃப் என்று ஒவ்வொரு பெயரையும் முன்னும் பின்னும் ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயர் வராத நாளில் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, நடுவில் என் முகத்தைப் பார்ப்பார், நான் ஏற்றிவிடுவேன். மெல்லத் தமிழும் அந்த வழியாகவே வந்தது. அது நம் எல்லார் வீட்டுத் தமிழ்தான். "லைட்ட ஆன் பண்ணு." "கதவ லாக் பண்ணு." மகள் போன் செய்த ஒரு நாள், போனை என்னிடம் தராமல், "பிக் அப் பண்ணிட்டேன், பேசு" என்றார். அந்தப் பக்கம் அப்பா, அப்பா என்று அவள் அழுவது எனக்கே கேட்டது.

ஆனால் 'இந்தாம்மா' வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. வந்ததே பெரிசு, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

கால் நன்றாக ஊன்றியதும் கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறப் பழகினார். ஒரு நாள் கட்டிலைக் காட்டி, "டேக் த... கட்டில்... அப்" என்றார். எனக்குப் புரிந்தது. அவருக்கு அவருடைய அறை வேண்டும். தூணுக்குச் சொன்னேன், பழையபடி ஆட்கள் வந்தார்கள். இந்தத் தடவை தலைமாட்டுப் பலகை எங்கும் மாட்டவில்லை. அவர் கீழே நின்று ஒவ்வோர் அங்குலமாக மேலே அனுப்பினார்.

எல்லாம் போய், கட்டிலின் நடுப்பலகை ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. தூண் எடுக்கப் போனார். இவர் கை காட்டி நிறுத்தினார். இடது கையால் ஒரு முனையைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மறுமுனையை என் பக்கம் திருப்பினார்.

"நீ... மேல" என்றார்.

இத்தனை வருஷத்தில் நான் அவர் தூக்கிய எதிலும் கை வைத்ததில்லை. மேல்முனையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஏறினேன். பின்னால் படி தெரியவில்லை. அவர் குரல் மட்டும்தான் வழி காட்டியது. "அப்... அப்... ஹோல்ட் ஆன்... டர்ன்... அப்." காலை மெல்ல எடுத்து வைத்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, அவரும் ஏறினார். தூண் அவருக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டே வந்தார், தொடவில்லை.

மேல்படிக்கு வந்தோம். நான் அறை வாசலில் நின்றேன். அவர் தன் முனையைத் தூக்கி என் கைக்கு எட்டும்படி நீட்டினார்.

"இந்தாம்மா" என்றார். "காட் இட்?"

பஸ் நிலையத்தில் நாள் முழுக்க வாய் ஓயாதவளுக்கு ஒரு சொல் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை. மறுபடியும் பலமாக ஆட்டினேன். அவர் பக்கம் பலகை மெல்லத் தாழ்ந்தது. தூண் பதறிக்கொண்டு ஒரு படி மேலே வந்தார்.

"ஹோல்ட் ஆன்" என்றார் இவர், திரும்பிப் பார்க்காமலே. கண் என் மேலேயே இருந்தது. எனக்குப் பேச்சு வரும் வரை நிற்கத் தயாராக இருந்தார்.

"பிடிச்சுட்டேன்" என்றேன். "விடுங்க."

அப்புறம்தான் கையை எடுத்தார்.